நினிங் நிறுத்தாமல் அடித்த இரண்டாம் பக்கம்

நினிங் எங்கள் ஸ்டுடியோவுக்குள் நேராக நுழைந்து நான் பார்த்ததில்லை. சந்து முனையில் வேனிலிருந்து இறங்கி நடந்து வருவாள். எங்கள் கதவைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டு வாசலில் நிற்பாள். உள்ளே எட்டிப் பார்க்க மாட்டாள். தோளைக் கொஞ்சம் வளைத்து, வலது கையைத் தாழ்த்தி, “புந்தேன், மாங்” என்பாள். பெரியவர் ஒருவருக்குக் குறுக்கே போனாலும் எங்கள் ஊரில் சொல்கிற சொல்தான் அது. பொறுத்துக்கொள்ளுங்கள், மாமா என்பது போல. ஆனால் டிரம்ஸ் அடிக்க வந்தவர்கள் வேறு யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

உள்ளேயிருந்து மாங் தார்யாவின் குரல் வரும்.

“இன்னைக்கு எவ்வளவு நேரம் இடி?”

“ரெண்டு மணி நேரம், மாங்.”

“மழை உண்டா?”

“குங்குன் பாடுவான், மாங்.”

“அப்ப மழை இல்ல. ஆடு அறுக்கற சத்தம்.”

நினிங் சிரித்துக்கொண்டே திரும்பி வருவாள். மாங் தார்யா முன்பு வேன் ஓட்டியவர். முட்டி போனதும் வீட்டோடு இருந்தார். அவர் வீட்டுக்கும் எங்கள் ஸ்டுடியோவுக்கும் நடுவில் ஒரே சுவர், ஒற்றைச் செங்கல். தொழுகை நேரம் நெருங்கினால் கைத்தடியால் அந்தச் சுவரில் தட்டுவார். உடனே உள்ளே எல்லாம் அடங்கும். மற்றபடி அவர் யாரிடமும் புகார் சொன்னதில்லை.

ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஊஜுங்புருங்கில் எங்கள் வீட்டின் முன்பாதியைத் தடுத்து என் கணவர் ஓப்பிக் ஓர் அறை செய்திருந்தார். சுவரெல்லாம் முட்டை அட்டையும் பழைய மெத்தையும். இரண்டு ஆம்ப்ளிஃபயர், ஒரு டிரம்ஸ். பாண்டுங்கின் கிழக்குப் பக்கத்தில் அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒரு ராக் குழு இருந்தது. அவர்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துப் பழகுவார்கள். நான் ஜன்னலில் உட்கார்ந்து காப்பியும் நூடுல்ஸும் விற்றேன். ஆறாவதோடு படிப்பை விட்டவள், ஆட்களோடு சட்டென்று பேச வராது. பார்த்துக்கொண்டிருக்க வரும்.

நினிங் முதலில் வந்தது டிரம்ஸ் அடிக்க அல்ல. அவளுடைய சின்னம்மா மகன் என்செப் ‘ஒழுகும் ஓடு’ என்ற குழுவில் பேஸ் கிடார் வாசித்தான். வீட்டில் கூரை ஒழுகியதால் வைத்த பெயர் என்று சொல்வார்கள். எங்கள் கூரையும் ஒழுகும், அதனால் எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. ஒருநாள் அவர்களுடைய டிரம்ஸ்காரன் வரவில்லை. கட்டிய வாடகை வீணாகிறதே என்று குங்குன் புலம்பினான். குங்குன்தான் பாடுவான், கிடாரும் அவன்தான். ஓரத்தில் நின்றிருந்த நினிங்கைப் பார்த்து என்செப் சொன்னான்.

“நீ உட்காரு. காலால மிதிக்கணும், கையால தட்டணும். பேக்டரில பண்றதுதானே.”

அவள் ராஞ்சாயேக்கெக்கில் ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் சட்டைக் காலர் தைப்பவள். உட்கார்ந்தாள். முக்காட்டின் நுனிகளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். அன்று அவள் அடித்தது நன்றாக இருந்தது என்று சொன்னால் பொய். ஆனால் அவளுடைய வலது கால் தவறவே இல்லை. பெரிய டிரம்மின் ஒலி, காலர் ஒன்று முடிந்து அடுத்த காலர் வருவது போல, அதே இடைவெளியில் விழுந்துகொண்டே இருந்தது. பழைய டிரம்ஸ்காரன் அடுத்த வாரம் வந்தபோது அவனுக்கு இடம் இல்லை.

“பொண்ணு உட்கார்ந்த ஸ்டூல்ல நான் உட்கார மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டான்” என்று குங்குன் சொன்னான்.

“உட்காரச் சொல்லி யாரு கேட்டா?” என்றாள் நினிங்.

இப்படியே சில வருஷங்கள் போயின. பள்ளிக்கூட மைதானம், கால்பந்துத் திடல், கல்யாண வீடு என்று வாசித்தார்கள். ஜகார்த்தாவிலிருந்து கேசட் கம்பெனி ஆள் ஒருவர் ஒருமுறை எங்கள் ஸ்டுடியோவுக்கே வந்தார். காப்பி குடித்தார், மூன்று பாட்டு கேட்டார். எல்லாம் நல்லாருக்கு, ஆனால் இந்தப் பெண் முன்னால் வந்து நின்று பாடட்டும், டிரம்ஸுக்கு ஒரு பையனைப் போட்டுக்கொள்ளலாம், பார்க்க எடுப்பாக இருக்கும் என்றார்.

“அவ பாடினா நீங்க குடிச்ச காப்பி தயிராயிடும்” என்றான் என்செப்.

குங்குன் யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தான். ஆள் போனதும், “யோசிச்சாச்சு. நாமளே கேசட் போட்டுக்குவோம்” என்றான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு அடிக்கடி வரும். பிறகு பணத்தில் வந்து நின்றுபோகும்.

ஒருமுறை அது நிற்காமல் நடந்தேறியதற்குக் காரணம், ஆலையில் நினிங்கின் பிரிவையே மூடிவிட்டார்கள். சந்தில் பாதிப் பெண்கள் போன வழியில் அவளும் தைவானுக்கு வீட்டு வேலைக்குப் பெயர் கொடுத்தாள். ஜகார்த்தாவில் ஏஜென்சி விடுதியில் திங்கட்கிழமை காலை போய்ச் சேர வேண்டும். உள்ளே போனால் விமானம் ஏறும்வரை வெளியே விட மாட்டார்கள். அங்கே போனால் மூன்று வருஷ ஒப்பந்தம்.

எங்கள் ஜன்னலில் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே அவள் இதைச் சொன்னாள். அழவில்லை.

“தெத்தே, போறதைப் பத்தி ஒண்ணுமில்ல. எல்லாரும் போறாங்க. ஆனா நான் அடிச்சது எல்லாம் காத்துல போச்சு. ஒண்ணாவது எங்கயாவது இருக்கணும்.”

தெத்தே என்றால் அக்கா. அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள், குங்குனைக் காங், அதாவது அண்ணன், என்பாள்.

அதன்பிறகு குங்குன் தன் மோட்டார் சைக்கிளை விற்றான். ஒலிப்பதிவுக் கருவியும் மைக்குகளும் நகரத்தில் ஒருவரிடமிருந்து வாடகைக்குப் பேசினார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு. திங்கட்கிழமை அது வேறோர் இசைக்குழுவுக்குப் போய்விடும். நினிங்கும் போய்விடுவாள். எல்லாம் அந்த மூன்று நாளுக்குள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் வழக்கம்போல முதலில் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

“புந்தேன், மாங். இந்தத் தடவை கொஞ்சம் ஜாஸ்தி. இன்னைக்கு, நாளைக்கு, ஞாயித்துக்கிழமை. பகல் பூரா.”

“ஏன், இந்தச் சந்து பூராவையும் இடிச்சுத் தள்ளப் போறீங்களா?”

“கேசட் போடறோம், மாங். அப்புறம் நான் தைவானுக்குப் போயிடுவேன்.”

பிறகு மாங் தார்யா வாசலுக்கே வந்துவிட்டார், தடியை ஊன்றிக்கொண்டு.

“கேசட்டா? அப்ப சரி. மூணு நாளும் உனக்கே. நான் காதுல பஞ்சு வெச்சுக்கறேன். ஓனா, வீட்டுல பஞ்சு இருக்கா?”

“தலைகாணியைப் பிரிச்சுக்குங்க” என்றாள் உள்ளேயிருந்து அவர் மனைவி, பீபி ஓனா. பீபி என்றால் அத்தை.

ஜும்மா தொழுகை முடிந்து ஆண்கள் திரும்பியதும் கருவி வந்து இறங்கியது. மைக்குகளை எங்கே வைப்பது, எந்த ஒயர் எதில் போகிறது என்று என் கணவரும் குங்குனும் குழம்பிக் குழம்பி நேரம் போயிற்று. கடைசியில் எல்லாம் சரியானது. நினிங் ஸ்டூலில் உட்கார்ந்து குச்சிகளைக் கையில் எடுத்தாள்.

“ஒரு தடவை எல்லாத்தையும் அடிச்சுக் காட்டு. அளவு பார்க்கணும்” என்றான் குங்குன்.

அவள் கை மேலே போனது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் பீபி ஓனா கத்தினாள். வார்த்தை இல்லை, வெறும் குரல். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்ந்து படுத்த மாங் தார்யா எழுந்திருக்கவில்லை.

நினிங் குச்சிகளை மெதுவாகக் கீழே வைத்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. என் கணவர் மின்சாரத்தை அணைத்தார்.

வெள்ளிக்கிழமை மவுத் நல்ல மவுத் என்று எல்லோரும் சொன்னார்கள். இருட்டுவதற்குள் அடக்கம் ஆகிவிட வேண்டும் என்று ஓடினோம். என்செப் குழி வெட்டப் போனான். குங்குனும் என் கணவரும் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். நினிங் எங்களோடு உட்கார்ந்து கபரில் தூவ மல்லிகையும் பாண்டான் இலையும் நறுக்கினாள். மாங் தார்யாவின் மகன்கள் காலிமந்தானில் வேலையில் இருந்தார்கள். அன்று வந்து சேர முடியவில்லை. அதனால் கபருக்குள் இறங்கி உடலை வாங்கியவர்களில் குங்குனும் ஒருவன்.

இனி ஏழு இரவும் அந்த வீட்டில் தஹ்லீல், இறந்தவருக்காகக் கூடி ஓதுவது. அந்த ஏழு நாளும் சந்தில் பாட்டு கிடையாது. யாரும் ரேடியோ கூடச் சத்தமாக வைக்க மாட்டார்கள். இது எழுதிய சட்டம் இல்லை. இதைச் சொல்லித் தரவும் வேண்டியதில்லை. நினிங்கும் மற்ற இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பீபி ஓனாவின் வீடு சின்னது. ஓதுகிறவர்களுக்கே இடம் போதாது. அதனால் பெண்கள் சமையலுக்கு எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். டிரம்ஸை மூலையில் தள்ளி அதன்மேல் பூப்போட்ட பத்திக் துணியைப் போட்டு மூடினோம். வாடகைக் கருவியை ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்து ஒரு தட்டால் மூடினோம், எண்ணெய் தெறிக்காமல் இருக்க. சனிக்கிழமை முழுவதும் அங்கே சோறும் டெம்பே என்கிற சோயா வறுவலும் பொட்டலம் கட்டினோம்.

“இது என்னடி ரூம், பேசினா பேச்சு வாய்க்குள்ளயே நிக்குது” என்றாள் ஒருத்தி.

“மாமியாரை இங்க குடிவைக்கலாம்” என்றாள் இன்னொருத்தி.

நினிங்கும் சிரித்தாள். வாழை இலை கிழித்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே அவள் கண் பத்திக் துணி பக்கம் போய்த் திரும்பியதை நான் பார்த்தேன். ஒரே ஒருமுறை, எழுந்து போய், துணி நழுவியிருந்த இடத்தை இழுத்துச் சரிசெய்தாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாத்திரம் எடுக்க பீபி ஓனாவே எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் கண் மூடவில்லை என்று அவள் தங்கை சொல்லியிருந்தாள். புருஷன் போய் இத்தாவில் வீட்டோடு இருக்கிற பொம்பளை வெளியே வரலாமா என்று யாரோ மெல்லச் சொன்னார்கள்.

“வெளியவா? நடுவுல ஒரு சுவர்தான் இருக்கு. இதுவும் என் வீடுதான்” என்றாள்.

பிறகு தட்டால் மூடியிருந்த கருவியைப் பார்த்தாள்.

“இது என்ன, புது அடுப்பா?”

என்செப்புக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. “ரெக்கார்டிங் மெஷின், பீபி. நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும்” என்றான். குங்குன் அவன் காலை மிதித்தான்.

பீபி ஓனா நினிங்கின் பக்கம் திரும்பினாள்.

“நீயும் நாளைக்குத்தானே போற?”

“ஆமா, பீபி.”

“அவர் உனக்கு மூணு நாள் குடுத்தாரே. எனக்குக் கேட்டுதே.”

“அது அப்ப, பீபி.”

“அப்ப குடுத்தா குடுத்ததுதான். அதுல ரெண்டு நாளை நீங்க எங்களுக்குக் குடுத்துட்டீங்க. இன்னும் ஒரு நாள் இருக்கு. அதை வெச்சுக்கிட்டு என்னை என்ன பண்ணச் சொல்ற?”

நினிங் தலையைக் குனிந்துகொண்டாள். முடியாது பீபி, சந்து என்ன சொல்லும் என்றாள். பீபி ஓனா பள்ளிவாசல் உஸ்தாதுக்கு ஆள் அனுப்பினாள். அவர் சொல்லியனுப்பியது சுருக்கமாக இருந்தது: மவுத்து வீட்டு மனசு நோகக் கூடாது என்றுதான் பாட்டை நிறுத்துகிறோம், அந்த வீடே கேட்டால் நான் யார் மறுக்க? பொழுது சாய்கிற மக்ரிப் தொழுகைக்குள் முடித்துவிடுங்கள், ராத்திரி தஹ்லீலுக்கு எல்லாரும் வந்துவிடுங்கள்.

சந்தில் யாருக்கு மனவருத்தம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. இருந்திருக்கலாம். ஆனால் நான் கண்டது இது: பெண்கள் அடுப்பையும் பாத்திரத்தையும் எங்கள் பின்கட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். பிள்ளைகளைத் திடலுக்கு ஓட்டிவிட்டார்கள். கிண்ணத்தைத் தட்டிக்கொண்டு பக்சோ சூப் விற்க வரும் வண்டிக்காரரை முனையிலேயே நிறுத்திவிட்டார்கள். யாரோ தன் சேவலைக் கூடையோடு எடுத்துக்கொண்டு உறவுக்காரர் வீட்டுக்குப் போனார். எங்கள் சந்து அப்படி ஊமையாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

அதுவே வினையாகப் போயிற்று. முதல் பாட்டை எடுத்தார்கள். என் கணவர் கருவியை நிறுத்திவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மறுபடி எடுத்தார்கள். மறுபடி பிதுக்கினார். நினிங் அடிக்கவில்லை, தொட்டாள். தூங்குகிற வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடப்பது மாதிரி இருந்தது.

“நினிங், நீ கொசு அடிக்கறியா, டிரம்ஸ் அடிக்கறியா?” என்றான் குங்குன்.

“கை வரல, காங்.”

“வரலைன்னா? நாளைக்குத் தைவான்லேர்ந்து அடிச்சு அனுப்புவியா?”

“சுவருக்கு அந்தப் பக்கம் அவங்க உட்கார்ந்திருக்காங்க. நான் எப்படி அடிக்கிறது?”

நடுப்பகல் லுஹர் தொழுகை வந்தது, நிறுத்தினார்கள். தொழுதுவிட்டு வந்து மறுபடி ஒருமுறை முயன்றார்கள். அதே கதை. காலையில் கிடைத்த ஒரு நாளில் பாதி போயிருந்தது, ஒரு பாட்டும் ஆகவில்லை. நினிங் குச்சிகளைத் தொடையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. ஆலையில் பிரிவை மூடியபோதுகூட அப்படி இல்லை.

அப்போது கதவு திறந்தது. பீபி ஓனா இரவுச் சமையலுக்கான பீன்ஸைப் பத்திக் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு வந்தாள்.

“என்ன, காலைலேர்ந்து எலி ஓடற சத்தம் மாதிரி கேக்குது? எங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா, காசு குடுத்து ரூம் எடுத்துட்டு ஏன் தூங்கறாங்கன்னு கேட்டிருப்பார்.”

நினிங் எழுந்து நின்றாள். “பீபி, உங்க வீட்டுச் சுவர்ல போய் நான் எப்படி…”

“அங்க யாரும் இல்ல. தங்கச்சி பின்கட்டுல இருக்கா. நான் இங்க இருக்கேன். காலி வீட்டுக்கு எதுக்கு மரியாதை?”

என்று சொல்லிவிட்டு ஒரு மெத்தைச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். காதில் பஞ்சை வைத்துக்கொண்டாள். தலையணையைப் பிரித்த பஞ்சுதானா என்று யாரும் கேட்கவில்லை.

“பீபி, மைக் இருக்கு. பீன்ஸை ஒடிக்காதீங்க” என்றார் என் கணவர்.

“அப்ப மடியில வெச்சுக்கிட்டுச் சும்மா உட்காரணுமா?”

“ஆமா, பீபி.”

“நல்ல தொழில்” என்றாள்.

நினிங் உட்கார்ந்தாள். பீபி ஓனாவைப் பார்த்தாள். பிறகு அடித்தாள். காப்பி ஜன்னலின் கண்ணாடிக்குப் பின்னால் நின்றிருந்த என் நெஞ்சுக்குள் அது கேட்டது. முதல் பாட்டு அந்த ஒரே தடவையில் ஆயிற்று. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் பீபி ஓனா அவசரமாகக் கொஞ்சம் பீன்ஸை ஒடித்துக்கொள்வாள். என் கணவர் கையைத் தூக்கியதும் நிறுத்திக்கொள்வாள். கேசட்டின் முதல் பக்கம் அப்படி நிறைந்தது.

ஐந்தாவது பாட்டு அவர்களுடைய பாட்டுகளிலேயே பெரிய சத்தம். குங்குன் அதில் பாட மாட்டான், கத்துவான். அது பாதி போகும்போது பீபி ஓனாவின் தலை மெத்தையில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்தது. மடியிலிருந்த பீன்ஸ் ஒவ்வொன்றாகத் தரையில் சரிந்தது. தூங்கிவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் தூக்கம்.

பாட்டு முடிந்தது. சத்தம் அடங்கியதும் அவள் புருவம் சுருங்கியது, கை அசைந்தது. ஓடுகிற வண்டியில் தூங்குகிற பிள்ளை வண்டி நின்றதும் விழித்துக்கொள்ளுமே, அப்படி. நினிங் அதைப் பார்த்துவிட்டாள். எண்ணாமல், சொல்லாமல், அடுத்த பாட்டின் அடியை ஆரம்பித்துவிட்டாள்.

குங்குன் அப்போதுதான் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்செப்பின் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. இரண்டு பேரும் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார்கள். அவள் தாடையால் பீபி ஓனாவைக் காட்டினாள், கை நிற்கவில்லை. என்செப் பாட்டிலைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு சேர்ந்துகொண்டான். குங்குன் அதற்கும் பிறகு. கருவியை நிறுத்தக் கை நீட்டிய என் கணவர் கையை இழுத்துக்கொண்டார்.

அந்தப் பாட்டு முடிய, அடி மட்டும் தொடர்ந்தது. அது மாறி மாறி அடுத்த பாட்டின் அடியாக ஆயிற்று. அப்படியே அடுத்தது. ஒரு பாட்டில் குங்குன் இரண்டாவது சரணத்தையே இரண்டு தடவை பாடினான், திருத்த வழியில்லை. என்செப்பின் தந்தி ஒன்று அறுந்தது. மிச்சத்தை அவன் மூன்று தந்தியில் வாசித்தான். நினிங்கின் கையில் கொப்புளம் உடைந்து குச்சி சிவந்திருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன். அப்போது அவள் முகம்தான் தெரிந்தது. அவள் டிரம்ஸைப் பார்க்கவில்லை. தூங்குகிறவளையே பார்த்துக்கொண்டு அடித்தாள்.

கைவசமிருந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோனது. குங்குனும் என்செப்பும் நிறுத்திவிட்டார்கள். நினிங் மட்டும் தொடர்ந்தாள். தூளியை ஆட்டுகிற கை கொஞ்சம் கொஞ்சமாக விடுபடுவது போல, பெரிய டிரம்மை விட்டாள், பிறகு சின்னதை, கடைசியில் தாளத் தட்டை மட்டும் விரல் நுனியில் பிடித்த குச்சியால் தொட்டுத் தொட்டு, அதையும் விட்டாள். பீபி ஓனா விழிக்கவில்லை.

நாங்கள் அசையாமல் இருந்தோம். குங்குன் கிடாரைக் கழற்றிவைக்கக்கூடத் துணியவில்லை. பிற்பகல் அஸர் பாங்கு கேட்டதும்தான் அவள் கண் திறந்தாள். எல்லோரையும் பார்த்தாள்.

“என்ன, இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா?” என்றாள்.

அந்த மூன்று நாளில் நினிங் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். சிரித்துக்கொண்டே அழுதாள். பீபி ஓனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “பீன்ஸைப் பொறுக்கு” என்று என்செப்பை அதட்டினாள்.

மக்ரிபுக்கு இன்னும் நேரம் இருந்தது. இரண்டாம் பக்கத்தை ஒழுங்காக ஒருதரம் எடுத்துவிடலாம், சரணம் தப்பிவிட்டதே என்றான் குங்குன்.

“வேணாம், காங். இதுக்கு மேல எனக்கு அடிக்கத் தெரியாது” என்றாள் நினிங். கையைக் கழுவிக்கொண்டு பொட்டலம் கட்ட எங்களோடு உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் விடிகாலை அவள் பையோடு போனாள். கருவியும் போனது.

ஏழாம் இரவு கழிந்த பிறகு கேசட் வேலை ஆரம்பித்தது. பிரதி எடுத்து வந்தார்கள். அட்டையில் படத்தை எங்கள் ஸ்டுடியோவிலேயே கையால் அச்சிட்டார்கள், ஒரே நிறம், செங்கல் நிறம். மடித்துப் பெட்டிக்குள் போட்டது சந்துப் பெண்கள். பொட்டலம் கட்டிய கைகள்தானே, சீக்கிரம் முடிந்துவிட்டது. எந்தக் கம்பெனியின் பெயரும் அதில் இல்லை. கடைக்குக் கடை கொண்டுபோய்க் கொடுத்தார்கள், கச்சேரி நடக்கிற இடத்தில் துணி விரித்து விற்றார்கள்.

இரண்டாம் பக்கத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். இடைவெளியே இல்லாமல் ஒரே ஓட்டமாக இருக்கிறதே, எங்கே கற்றார்கள் என்று கேட்டார்கள். கல்லூரிப் பத்திரிகைக்கு எழுதுகிற ஒரு பையன் குங்குனைப் பேட்டி எடுக்க வந்தான். எதனால் இப்படிச் செய்தீர்கள் என்றான்.

“பக்கத்து வீட்டு அம்மா தூங்கிட்டாங்க” என்றான் குங்குன்.

அந்தப் பையன் அதையும் ஒழுங்காக எழுதிக்கொண்டான். பிறகு அவன் போட்ட கட்டுரையில் நல்ல வார்த்தைகள் நிறைய இருந்தன. நாங்கள் அதைப் பீபி ஓனாவுக்குப் படித்துக் காட்டினோம். நான் தூங்கவில்லை, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அவள் இன்றுவரை சாதிக்கிறாள்.

நினிங்குக்குக் கேசட்டைப் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி மூலமாக அனுப்பினோம். தைவானில், தாய்ச்சுங் நகரத்தில் அவள் வேலை பார்த்த வீட்டில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த அம்மாவுக்குக் காது கேட்காது. அலமாரியில் கேசட் போடுகிற பழைய ரேடியோ ஒன்று இருந்ததாம். பிற்பகலில் வீட்டில் மற்றவர்கள் இல்லாதபோது நினிங் அதைச் சத்தமாக வைப்பாளாம். அந்த அம்மா ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம்.

“இரண்டாம் பக்கம் முடிஞ்சா கையைத் தட்டுவாங்க, தெத்தே. மறுபடி போடுன்னு” என்று திரும்பி வந்தபோது சொன்னாள். ஒப்பந்தத்தை நீட்டி நீட்டி அவள் திரும்ப ஒன்பது வருஷம் ஆனது.

அந்த ஒன்பது வருஷமும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததில் அந்தக் கேசட்டுக்குப் பங்கு உண்டு. அட்டையின் உள்பக்கம் எங்கள் சந்தின் பெயரும் ஸ்டுடியோ பெயரும் இருந்தன. அதைப் பார்த்து எங்கெங்கிருந்தோ குழுக்கள் வந்தன; அதே மெத்தைச் சுவர், அதே டிரம்ஸ் வேண்டும் என்றார்கள். அந்த வருமானத்தில் என் இரண்டு பையன்களும் மேல்நிலைப் பள்ளியை முடித்தார்கள். எங்கள் வீட்டில் அதுவரை படித்து முடித்தவர் யாரும் இல்லை. நான் நினிங்கிடம் இதைச் சொல்ல நினைத்துப் பல நாள் வாய் வரவில்லை. ஒருநாள் காப்பி ஊற்றும்போது சொன்னேன். “அதுக்கு நீங்க பீபிகிட்டதான் சொல்லணும்” என்றாள். பீபி ஓனாவிடம் சொன்னேன். “அதுக்கு நீ அவர்கிட்டதான் சொல்லணும்” என்று மேற்குப் பக்கம் கபரஸ்தானைக் காட்டினாள். ரமலானுக்கு முன்னால் கபரைச் சுத்தம் செய்யப் போனபோது அங்கேயும் சொல்லிவிட்டேன்.

‘ஒழுகும் ஓடு’ மறுபடி சேரவில்லை. குங்குன் சுமேடாங்கில் அச்சகம் வைத்திருக்கிறான். என்செப் கோழி வியாபாரம் செய்கிறான், நன்றாக இருக்கிறான். அந்தக் கேசட்டை மறுபடி பிரதி எடுத்து யாரும் வெளியிடவில்லை. பீபி ஓனாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, நடமாட்டம் இருக்கிறது. என் கணவருக்கு இடது காது மந்தமாகிவிட்டதால் அவர் இப்போது பின்கட்டில் ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கிறார். நினிங்குக்கு ஒரு மகள். காலையில் வீட்டில் பள்ளிச் சீருடை தைக்கிறாள், மதியத்துக்கு மேல் ஸ்டுடியோவுக்கு வருகிறாள். அதை இப்போது நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்துகிறோம். சனி, ஞாயிறுகளில் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் இடம் கிடைப்பதில்லை.